ஒருத்தர் டவுன்லோடு போட்டா 46 பேருக்கும் நெட் நிக்குது: மேன்ஷன் லைனை எப்படிப் பங்கு போடுறது?

மேல்மாடி_24

திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன். 4 மாடி, 24 ரூம், 46 பேர். ஃபைபர் லைன், டவுன்லோடு 200 எம்பிபிஎஸ், அப்லோடு 100. பிபிபிஓஇ இணைப்பு, அதாவது யூசர், பாஸ்வேர்டு போட்டு லாகின் ஆகுற வகை. கம்பெனி கொடுத்த ஓஎன்டி பெட்டியேதான் (ஃபைபர் வந்து முடியுற பெட்டி) ரவுட்டர். அதுல இருந்து மாடிக்கு ஒண்ணா 4 வைஃபை ரவுட்டர், எல்லாத்துலயும் கேபிள் வேன் போர்ட்டுல (வெளி இணைப்புக்கான ஓட்டை) சொருகியிருக்கு. ராத்திரி 9 மணியில இருந்து 11 வரைக்கும் வீடியோ கால் உறையுது, யுபிஐ சுத்திக்கிட்டே இருக்கு. ஆனா அதே நேரத்துல ஸ்பீடு டெஸ்ட் போட்டா 60, 70 காட்டுது. யாரோ ரெண்டு மூணு பேர் டொரண்ட் போடுறாங்கன்னு பேச்சு. அவங்களைக் கண்டுபிடிச்சு கட் பண்ண வழி சொல்லுங்க. செலவு 10,000 ரூபாய்க்குள்ள இருக்கணும்.

கிரிம்பிங்_டூல்

ஆளுக்கு 4 எம்பிபிஎஸ்னு பூட்டு போட்டுடுங்க. 46 × 4 = 184. கணக்கு சரியா வந்துடுது. ஒரு சாதாரண மைக்ரோடிக் ரவுட்டர் பெட்டி போதும்.

பாக்கெட்_எண்ணி

அந்தக் கணக்கு 46 பேரும் ஒரே நொடியில இழுத்தாத்தான் சரி. 9 மணிக்கு நிஜமா இழுக்குறவங்க 15 பேர்னு வைங்க, 15 × 4 = 60. மீதி 140 எம்பிபிஎஸ் சும்மா கிடக்கும், அந்த 15 பேரும் ஸ்பீடு இல்லைன்னு திட்டுவாங்க. காலையில 3 மணிக்கு ஒரே ஆள் முழிச்சிருந்தாலும் அவருக்கும் 4தான். லைனுக்குக் கொடுக்குற காசு வீணாப் போறதுக்கு இதைவிட நேரான வழி இல்லை. கேட்கும்போது மட்டும் பங்கு பிரியணும், யாரும் கேட்காதப்போ இருக்குறவருக்கு முழுசும் போகணும்.

மேல்மாடி, டொரண்ட் ஆளைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. ஓஎன்டி பக்கத்துல உட்கார்ந்து, லேப்டாப்பைக் கேபிள்ல சொருகி, ரெண்டு பிங் ஜன்னல் (பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுறது) திறங்க. ஒண்ணு ஓஎன்டிக்கு, 192.168.1.1. இன்னொண்ணு கம்பெனியோட முதல் ரவுட்டருக்கு. ட்ரேஸ்ரூட் (டேட்டா போற வழியில இருக்குற ரவுட்டர்களை வரிசையாக் காட்டுற கட்டளை) போட்டா ரெண்டாவது வரியில வர்ற முகவரி அது. மதியம் ஒரு தடவை, ராத்திரி 9:30க்கு ஒரு தடவை. அப்புறம் மூணாவது மாடியில வைஃபையில இருந்து அந்த மாடி ரவுட்டருக்கு ஒரு பிங். மூணு எண்ணையும் இங்க போடுங்க.

மேல்மாடி_24

பண்ணிட்டேன் அண்ணா.

மதியம், கேபிள்ல: ஓஎன்டிக்கு 1 மில்லிசெகண்ட், கம்பெனி ரவுட்டருக்கு 4.
ராத்திரி 9:40, கேபிள்ல: ஓஎன்டிக்கு 1, 1, 2, 1. கம்பெனி ரவுட்டருக்கு 198, 236, 241, 244, ஒண்ணு காணோம், 239.
மூணாவது மாடி வைஃபையில இருந்து அதே மாடி ரவுட்டருக்கு: 12, 85, 7, 160, 44.

பாக்கெட்_எண்ணி

அந்த 240ஐப் பாருங்க. ரெண்டு தனித்தனிக் கோளாறு இருக்கு, முதல்ல லைன்.

ஓஎன்டி வரைக்கும் 1, அதைத் தாண்டினா 240. அப்போ வரிசை நிக்கிறது ஓஎன்டியோட வெளிவாசல்ல. அப்லோடு 100 எம்பிபிஎஸ் நிரம்பியிருக்கு. அதுக்கு மேல வர்ற பாக்கெட்டை எல்லாம் ஓஎன்டி தூக்கிப் போடாம தன் பஃபர்ல (தற்காலிக நினைவகம்) அடுக்கி வைக்குது. 0.24 நொடி × 100 மெகாபிட் = 24 மெகாபிட், அதாவது 3 எம்பி. உங்க யுபிஐ பாக்கெட் சில நூறு பைட்தான், ஆனா அந்த 3 எம்பி காலியான பிறகுதான் அதுக்கு முறை வரும். டவுன்லோடும் ஏன் படுக்குதுன்னா, வர்ற டேட்டாவுக்கு 'வந்து சேர்ந்துச்சு'ன்னு திரும்பிப் போற ஏக் பாக்கெட்டும் அதே வரிசையிலதான் நிக்குது. 200ல 60, 70தான் காட்டுறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

இதுக்குப் பேர் பஃபர்புளோட். 2010 வாக்குல ஜிம் கெட்டிஸ் இந்தப் பேரைப் பரப்பினார். 2012ல கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல்னு ஒரு முறை கொடுத்தாங்க: வரிசையோட நீளத்தை எண்ணாதே, பாக்கெட் உள்ள எவ்வளவு நேரம் காத்திருந்ததுன்னு பாரு, 100 மில்லிசெகண்ட் முழுக்க 5 மில்லிசெகண்டுக்குக் கீழ இறங்கவே இல்லைன்னா ஒண்ணைத் தூக்கிப் போடு, அனுப்புறவன் வேகத்தைக் குறைப்பான். இன்னைக்கு லினக்ஸ் ரவுட்டர்கள்ல இருக்குற எஃப்க்யூ-கோடெல், கேக் ரெண்டும் அந்த வழியில வந்ததுதான்.

அப்லோடை யார் நிரப்புறாங்க? பெரும்பாலும் டொரண்ட் இல்லை. ரூமுக்கு வந்து வைஃபை கிடைச்சதும் ஃபோன் தானா அனுப்புற போட்டோ, வீடியோ பேக்கப்தான். அந்த ஆளுக்கே அது தெரியாது. அவரைப் பிடிச்சு கட் பண்ணினா நாளைக்கு அடுத்தவர் ஃபோன் ஆரம்பிக்கும். அதனால ஆளைத் தேடுற வேலையை விட்டுட்டு, வரிசையை உங்க கைக்குக் கொண்டு வாங்க.

வலைக்காவல்

முந்தைய பதிவோடு ஒத்துப்போகிறேன். ஆனால் எந்த ஷேப்பர் (வேகத்தைக் கட்டுப்படுத்திப் பங்கு பிரிக்கும் அமைப்பு) போட்டாலும் உங்கள் தற்போதைய இணைப்பு முறை அதைக் கெடுத்துவிடும். மாடி ரவுட்டர்களில் கேபிள் வேன் போர்ட்டில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஒவ்வொரு மாடியும் தனி நேட்டுக்கு (பல கருவிகளை ஒரே முகவரியாகக் காட்டும் முறை) பின்னால் ஒளிந்திருக்கிறது. மேலே உட்காரும் ரவுட்டருக்கு 46 பேர் தெரிய மாட்டார்கள், 4 முகவரிகள்தான் தெரியும். மாடிக்குக் கால் பங்கு என்று பிரித்துக் கொடுக்கும். 3 பேர் இருக்கும் மாடி ராஜாவாக இருக்கும், 15 பேர் இருக்கும் மாடி திணறும்.

முதல் வேலையாக நான்கையும் அக்சஸ் பாயின்ட் (வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டி) ஆக்குங்கள். மெனுவில் அந்த வசதி இல்லையென்றால் கையால் செய்யலாம்: அந்த ரவுட்டருக்கு 192.168.10.2, 3, 4, 5 என்று ஆளுக்கொரு முகவரி கொடுங்கள். அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். கேபிளை வேனிலிருந்து கழற்றி லேன் போர்ட்டில் சொருகுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். டிஎச்சிபியை அணைக்காமல் லேனில் சொருகினால் இரண்டு டிஎச்சிபி மோதிக்கொண்டு பாதிப் பேருக்குத் தவறான கேட்வே (வெளியே போகும் வாசலின் முகவரி) போகும்.

முகவரி வரம்பை 192.168.10.0/23 என்று வையுங்கள், 510 முகவரி கிடைக்கும். 46 பேர் என்றால் 120 கருவிகளுக்குக் குறையாது. ஓஎன்டியின் சொந்த வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அதில் ஒருவர் இணைந்திருந்தாலும் அவர் உங்கள் ஷேப்பரைச் சுற்றிக்கொண்டு வெளியே போகிறார் என்று பொருள்.

மேல்மாடி_24

சரி சார், ஞாயிறு காலையில மாத்திடுறேன். மேல ஓஎன்டிக்கும் மாடி ரவுட்டருக்கும் நடுவுல என்ன பெட்டி வைக்கலாம்? என்கிட்ட பழைய ஆபீஸ் பிசி ஒண்ணு இருக்கு, ஐ3 நாலாம் தலைமுறை. இல்லைன்னா மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர் வாங்கலாமா?

பாக்கெட்_எண்ணி

ரெண்டுமே வேலை செய்யும். பிசியில ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போட்டு, ரெண்டாவது கிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒண்ணு சொருகினா 200 எம்பிபிஎஸ் அதுக்குத் தூசி. ஆனா கரண்ட் போனா பிசி அணைஞ்சிடும். ஹெக்ஸ் ரவுட்டருக்குன்னு விக்கிற சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்லயே ஓடும். மேன்ஷனுக்கு ஹெக்ஸே நல்லது.

ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (லைனை அப்படியே ஹெக்ஸுக்குக் கடத்துற நிலை) மாத்தச் சொல்லி கம்பெனிகிட்ட கேளுங்க. பிபிபிஓஇ யூசர், பாஸ்வேர்டு, விலேன் எண் (ஒரே கேபிளுக்குள்ள தனித்தனி வலையைப் பிரிக்கிற எண்) மூணையும் எழுதி வாங்கிக்கங்க. மாட்டேன்னு சொன்னாலும் பரவாயில்லை, எல்லார் டேட்டாவும் ஹெக்ஸ் வழியாத்தான் போகுதுன்னா ஷேப்பர் வேலை செய்யும்.

ஹெக்ஸ்ல பிசிக்யூ (முகவரிக்கு ஒரு வரிசைன்னு பிரிக்கிற மைக்ரோடிக் முறை) போடுங்க. க்யூ டைப்ல ரெண்டு உருவாக்கணும். டவுன்லோடுக்கு ஒண்ணு, கிளாசிஃபையர் டெஸ்டினேஷன் அட்ரஸ். அப்லோடுக்கு ஒண்ணு, கிளாசிஃபையர் சோர்ஸ் அட்ரஸ். ரெண்டுலயும் ரேட் 0. பூஜ்யம்னா 'இருக்குறதைக் கேட்குறவங்களுக்குச் சமமாப் பிரி'ன்னு அர்த்தம். லிமிட் (ஒரு வரிசையில நிக்கக்கூடிய அளவு) 50 கேஐபி, அதாவது சுமார் 50 கிலோபைட், அது ஏற்கனவே இருக்கும், தொடாதீங்க. ஆனா டோட்டல் லிமிட் 2000 கேஐபின்னு இருக்கும்; 120 கருவி × 50 = 6000, அதனால 6000 ஆக்குங்க. இதை மாத்தாம விட்டா 40 கருவி வரிசை கட்டினதுமே மொத்த இடமும் தீர்ந்து, ஒண்ணுமே இழுக்காத ஆளோட பாக்கெட்டும் விழும்.

லிமிட்டை ஏன் தொடக்கூடாதுன்னா: ஒரு ஆளுக்கு 4 எம்பிபிஎஸ் பங்கு கிடைக்கிற நேரத்துல 50 கேஐபி காலியாக 0.1 நொடி ஆகும். டவுன்லோடு போடுற ஆளுக்கு அவரோட தாமதம் 100 மில்லிசெகண்ட், அவ்வளவுதான். 'பாக்கெட் விழுது'ன்னு பயந்து 500 ஆக்கினா 1 நொடி தாமதத்தை நீங்களே வாங்கிக்கிறீங்க.

அப்புறம் ஒரு சிம்பிள் க்யூ. டார்கெட் 192.168.10.0/23, மேக்ஸ் லிமிட் அப்லோடு 92எம், டவுன்லோடு 185எம், மேல செஞ்ச ரெண்டு டைப்பையும் அதுல பொருத்துங்க. லைன் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவா வைக்கிறதுலதான் உயிரே இருக்கு. இந்த 8 எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுத்தாத்தான் வரிசை ஓஎன்டிக்குள்ள நிக்காம ஹெக்ஸுக்குள்ள நிக்கும். 100, 200ன்னே வச்சா பிசிக்யூவுக்கு வேலையே வராது.

கிரிம்பிங்_டூல்

ஒண்ணு சேர்த்துக்கங்க: ஃபயர்வால் ஃபில்டர்ல ஃபாஸ்ட்ட்ராக்னு ஒரு விதி தானா வந்திருக்கும். அதை டிசேபிள் பண்ணணும். ஃபாஸ்ட்ட்ராக்ல போற டேட்டா சிம்பிள் க்யூவைத் தொடவே தொடாது. க்யூ ஜன்னல்ல வேகம் சில நூறு கேபிபிஎஸ்தான் காட்டுது, ஆனா இன்டர்ஃபேஸ்ல 150 எம்பிபிஎஸ் ஓடுதுன்னா காரணம் இதுதான். விதியை மாத்தின பிறகு ஏற்கனவே இருக்குற கனெக்‌ஷன்கள் பழைய வழியிலயே போகும், ஒரு தடவை ரீபூட் பண்ணிடுங்க.

ஆளுக்கு 4 பூட்டைப் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன், பிசிக்யூ நல்ல வழி. ஆனா டொரண்டை என்ன பண்ணப் போறீங்க? 6881 முதல் 6889 வரைக்கும் போர்ட்டை அடைக்கலாமே?

பாக்கெட்_எண்ணி

அந்த போர்ட்டை அடைச்சா அடுத்த போர்ட்டுக்குப் போயிடும், டேட்டாவும் மறையாக்கத்துல போகும். அடைக்கத் தேவையும் இல்லை. ஷேப்பர் இல்லாத லைன் கனெக்‌ஷனை எண்ணித்தான் பங்கு போடும். ஒருத்தர் 16 கனெக்‌ஷன் திறந்து இழுக்குறார், பக்கத்து ரூம்காரர் 1 கனெக்‌ஷன்ல இழுக்குறார்னா 17ல 16 பங்கு முதல் ஆளுக்குப் போகும். ஆளை எண்ணிப் பங்கு போட ஆரம்பிச்சா அவர் 16 திறந்தாலும் 160 திறந்தாலும் பாதிதான்.

டொரண்ட் புரோகிராம்கள்ல பின்னணியில ஒதுங்கிப் போற லெட்பேட்னு ஒரு முறை இருக்கு. அது வரிசையில 100 மில்லிசெகண்ட் வரை தாமதம் சேர்ற வரைக்கும் ஒதுங்காது. நீங்க தாமதத்தைக் குறைச்சதும் அது ஒதுங்குறதை விட்டுட்டு மத்ததோட சமமாப் போட்டி போடும். அதனால ஷேப்பர் போட்ட பிறகு டொரண்ட் வேகம் கூடின மாதிரி தெரிஞ்சா பதறாதீங்க, அந்த ஆளோட பங்குக்குள்ளதான் கூடியிருக்கும்.

தாக்குற இடம் வேற ஒண்ணு: கனெக்‌ஷன் எண்ணிக்கை. கம்பெனி சிஜிநேட் (பல வாடிக்கையாளரை ஒரே வெளி முகவரியில அனுப்புறது) போட்டிருந்தா ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை போர்ட்தான்னு வரம்பு இருக்கும். அது தீர்ந்துட்டா ஸ்பீடு நல்லா இருக்கும், புதுப் பக்கம் மட்டும் திறக்காது. அந்த அறிகுறி வந்தா மட்டும் ஒரு முகவரிக்கு 300 டிசிபி கனெக்‌ஷன்னு வரம்பு வைங்க.

தெற்குரத_வீதி

பிசிக்யூ நல்லாத்தான் ஓடும், ஒரு குறை உண்டு. ஆளுக்கு ஆள் சமமாப் பிரிக்கும், ஆனா ஒரே ஆளுக்குள்ள முன்வந்தது முன்போகும் வரிசைதான். அவரே டவுன்லோடும் போட்டு அவரே வீடியோ காலும் பேசினா கால் கொஞ்சம் தள்ளாடும். ஓப்பன்டபிள்யூஆர்டி வழியில போறவங்களுக்கு கேக் அந்த இடத்தையும் சரி பண்ணும்.

எஸ்க்யூஎம் (ஓப்பன்டபிள்யூஆர்டியோட ஷேப்பர்) பக்கத்துல இன்டர்ஃபேஸ் பிபிபிஓஇ-வேன்னு தேர்ந்தெடுங்க, ஃபைபர் கேபிள் போர்ட்டை இல்லை. டவுன்லோடு 185000, அப்லோடு 92000, கேபிட்ல. டிசிப்ளின் கேக், ஸ்கிரிப்ட் பீஸ்-ஆஃப்-கேக். லிங்க் லேயர் ஈதர்நெட், ஓவர்ஹெட் 44. கூடுதல் ஆப்ஷன் பெட்டியில டவுன்லோடுக்கு 'நேட் டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட்', அப்லோடுக்கு 'நேட் டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட்'. நேட்ங்கிற சொல்லை விட்டா வேன் பக்கத்துல எல்லாரும் ஒரே முகவரியாத் தெரிவாங்க, ஆளுக்கு ஆள் பங்குங்கிறது நடக்காது. ஃப்ளோ ஆஃப்லோடிங் (ஃபாஸ்ட்ட்ராக் மாதிரி குறுக்குவழி), ஹார்டுவேர், சாஃப்ட்வேர் ரெண்டையும் அணைச்சிருக்கணும்.

வலைக்காவல்

இரண்டாவது கோளாறுக்கு யாரும் போகவில்லை. மாடி ரவுட்டருக்கே 7 முதல் 160 வரை துள்ளுகிறது. லைனை எவ்வளவு அழகாகப் பிரித்தாலும் அது மாறாது, ஏனென்றால் அங்கே பங்கு போடப்படுவது காற்று.

1500 பைட் என்பது 12,000 பிட். ரவுட்டருக்கு எதிர் ரூமில் 300 எம்பிபிஎஸ்ஸில் இணைந்த ஃபோனுக்கு அது 0.04 மில்லிசெகண்டில் போய்விடும். கோடி ரூமில் இரண்டு சுவர் தாண்டி 6 எம்பிபிஎஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும் ஃபோனுக்கு 2 மில்லிசெகண்ட், அதாவது 50 மடங்கு. இருவருக்கும் ஆளுக்கொரு பாக்கெட் என்று முறை வைத்தால், கோடி ரூம்காரர் எதையும் பேராசையோடு இழுக்காமலேயே அந்த மாடியின் முழு நேரத்தையும் தின்றுவிடுகிறார்.

செய்ய வேண்டியவை: 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 தவிர வேறு வேண்டாம், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும். அடுத்தடுத்த மாடிக்கு வேறு வேறு சேனல். பழைய 'பி' வகை வேகங்களை அணைத்து, குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். ஏர்டைம் ஃபேர்னெஸ் (காற்று நேரத்தைச் சமமாகப் பிரிக்கும் வசதி) இருந்தால் போடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்தால், புதிய ஃபோன் வைத்திருப்பவர்களை அங்கே போகச் சொல்லலாம். அந்த நெரிசலான தெருவில் 2.4ஐ நம்ப முடியாது. கோடி ரூம்களுக்கு ரிப்பீட்டர் வாங்காதீர்கள். அது ஒரே காற்றை இரண்டு முறை செலவழிக்கும். கேபிள் இழுத்து இன்னொரு அக்சஸ் பாயின்ட் வையுங்கள்.

தெற்குரத_வீதி

மாத அளவையும் பாருங்க. இதைத்தான் எல்லாரும் கடைசியில கண்டுபிடிக்கிறாங்க. வீட்டு ஃபைபர் திட்டங்கள் பலதுல மாதம் 3,300 ஜிபி எல்லை இருக்கு. 46 பேருக்குப் பிரிச்சா ஆளுக்குச் சுமார் 72 ஜிபி, நாளைக்கு 2.4 ஜிபி. 5 எம்பிபிஎஸ் எச்டி வீடியோ ஒரு மணி நேரம் 2.25 ஜிபி. ஆளுக்கு ஒரு மணி நேரப் படம், அவ்வளவுதான் அந்த லைனோட மாதம். எந்த ஷேப்பரும் இதை மாத்தாது.

எல்லை தாண்டின நிமிஷமே கம்பெனி வேகத்தைக் குறைக்கும். அப்போ உங்க ஹெக்ஸ்ல இருக்குற 185, 92 ரெண்டும் பொய்யாயிடும். வரிசை மறுபடி ஓஎன்டிக்குள்ள போய் நிக்கும், 22ஆம் தேதி ராத்திரி 'திடீர்னு பழையபடி ஆயிடுச்சு'ம்பீங்க. குறைச்ச வேகம் எவ்வளவுன்னு ரசீதுலயோ திட்ட விவரத்துலயோ பாருங்க, அதுல 90 சதவீதத்தை மேக்ஸ் லிமிட்ல அன்னைக்கே மாத்துங்க. மாசம் பிறந்ததும் திரும்ப ஏத்துங்க. வீட்டுத் திட்டத்தை இத்தனை பேருக்கு ஓட்ட உங்க ஒப்பந்தம் இடம் கொடுக்குதான்னும் படிச்சுப் பாருங்க. எனக்குப் பட்டது, மேன்ஷனுக்கு வணிகத் திட்டம் எடுக்கிறதுதான் முறை.

டேட்டா செலவைக் குறைக்கவும் இடம் இருக்கு. லேப்டாப் வச்சிருக்குறவங்களை விண்டோஸ் அப்டேட் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல டெலிவரி ஆப்டிமைசேஷன் போய் இணையத்துல இருக்குற மத்த பிசிகளோட பகிர்றதை அணைக்கச் சொல்லுங்க. அது முகம் தெரியாத ஆளுக்கு உங்க அப்லோடைக் கொடுக்குது.

மேல்மாடி_24

ஹெக்ஸ் வந்து, அக்சஸ் பாயின்ட் மாத்தி, ஃபாஸ்ட்ட்ராக் அணைச்சு ஓட்டிட்டேன். நேத்து 9:40க்கு கம்பெனி ரவுட்டருக்கு பிங்: 6, 9, 7, 11, 8, 6. மூணாவது மாடி வைஃபை 4ல இருந்து 20.

ரெண்டு சந்தேகம். ஒருத்தர் ஃபோன், லேப்டாப், டிவி ஸ்டிக்னு மூணு வச்சிருந்தா மூணு பங்கு வாங்குறாரே? அப்புறம் நாலாவது மாடியில ராத்திரி எல்லாரும் சேர்ந்து 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே மாட்டேங்குது, க்யூ ஜன்னல்ல 185ல பாதி காலியா இருக்கும்போதே.

வலைக்காவல்

முதல் சந்தேகம்: ஆம், முகவரிக்கு ஒரு பங்கு என்பதுதான் கணக்கு. ஐபிவி6 (புதிய வகை முகவரி) திறந்திருந்தால் ஒரே ஃபோனே இரண்டு மூன்று முகவரி வைத்திருக்கும், அந்த டேட்டா 192.168.10.0/23 என்ற டார்கெட்டில் சேராமல் க்யூவுக்கு வெளியே போய்விடும். மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) வைத்து ஆளைச் சேர்க்கப் பார்க்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் வைஃபைக்கு வைஃபை வேறு மேக் காட்டுகின்றன. ரூமுக்கு ஒரு பாஸ்வேர்டு, பாஸ்வேர்டுக்கு ஒரு விலேன் என்று பிரித்து, விலேனுக்கு ஒரு பங்கு கொடுப்பதுதான் நேர்மையான வழி. உங்கள் அக்சஸ் பாயின்ட் அதை ஆதரிக்க வேண்டும். இப்போது புகார் இல்லையென்றால் அதில் இறங்க வேண்டாம். யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்ற பதிவும் இந்த வேலைக்குத் தேவையில்லை, எத்தனை பைட் என்பது போதும்.

கிரிம்பிங்_டூல்

94ங்கிற எண்ணைப் பார்த்ததுமே தெரிஞ்சது, அது 100 எம்பிபிஎஸ் லிங்க். கிகாபிட்டுக்கு 4 ஜோடிக் கம்பியும் வேணும். ஒரு ஜோடி போனாலும் பல பெட்டிகள் சத்தமில்லாம 100க்கு இறங்கிடும். ஹெக்ஸ்ல அந்த ஈதர் போர்ட்டைத் திறந்து ஸ்டேட்டஸ்ல ரேட் பாருங்க. 100ன்னு இருந்தா ரெண்டு முனையையும் வெட்டிப் புதுசா கிரிம்ப் பண்ணுங்க, அதுலயும் வரலைன்னா கேபிளையே மாத்தணும். மாத்தும்போது சிசிஏன்னு போட்ட அலுமினியக் கம்பி வாங்காதீங்க, முழுச் செம்பு கேட்6 கேளுங்க. ரேட் 1 ஜின்னு சரியா இருந்தா அந்த மாடி ரவுட்டரோட லேன் போர்ட்டே 100தானான்னு அடியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல மாடல் எண்ணைப் பார்த்து இங்க போடுங்க.

மேல்மாடி_24

ரேட் 100தான் அண்ணா. மாடி முனையில பழுப்பு ஜோடி கிளிப்புக்குள்ள ஏறவே இல்லை. வெட்டி அடிச்சதும் 1 ஜி ஆயிடுச்சு.